நெருப்பு கீழே, சாவு மேலே

1997 ஜூன் 13 மாலை. தில்லி உப்ஹார் திரையரங்கில் ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய டிரான்ஸ்பார்மர் தீப்பற்றியது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேலே பால்கனியில் உட்கார்ந்திருந்தவர்கள். புகையில் மூச்சுத்திணறிப் போனவர்கள்.

புகை முதலில் பிடிப்பது புத்தியை

எரியும் கட்டடத்துப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்தால் மூளைதான் முதலில் தடுமாறும். தலை கனக்கும், கால் துவளும், பழகிய வீட்டிலேயே கதவு எந்தப் பக்கம் என்ற நிதானம் தப்பிவிடும். சோபாவிலும் மெத்தையிலும் உள்ள நுரைப்பஞ்சு எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்துகொள்ளும்.

மூக்கில் ஈரத்துணி கட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். துணி கரித்துகளை ஓரளவு தடுக்கும். இந்த வாயுக்களைத் தடுக்காது.

யாருமே எழுந்திருக்கவில்லையே

பதறி ஓடுவதால்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் தாமதமாகக் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து. 1968இல் அமெரிக்க உளவியலாளர்கள் பிப் லத்தானே, ஜான் டார்லி இருவரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். படிவம் நிரப்ப ஆட்களை உட்காரவைத்து, சுவர்த் துவாரம் வழியாக அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாதது போல் நடிக்க இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்தபோதோ, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கருகல் வாடை வந்தால் நாமும் பக்கத்து வீட்டுக் குக்கர் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பிறகு போன், பர்ஸ், பீரோ சாவி. அதற்குள் படிக்கட்டு புகையால் நிறைந்துவிடும்.

விபத்துக்குப் பிறகு ‘கூட்டம் முண்டியடித்தது’ என்று எழுதிவிட்டால் கட்டட உரிமையாளருக்கு வசதி. உப்ஹார் பால்கனியின் வலப்பக்க வழியைக் கூடுதல் இருக்கைகளும் எட்டுப் பேர் உட்காரும் தனிப்பெட்டியும் அடைத்திருந்தன. அவசர விளக்கு இல்லை, அறிவிப்பு இல்லை. அந்த இருட்டில் எவ்வளவு நிதானமானவரும் எங்கே போயிருக்க முடியும்?

படிக்கட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

2022 செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கடையில் தீ. மேல்மாடிகளில் தங்கும் விடுதி. படிக்கட்டு வழியாகப் புகை ஏற, 8 பேர் இறந்தார்கள்.

நம் அடுக்குமாடிகளில் பலவற்றுக்கு ஒரே படிக்கட்டுதான். அதன் அடியில்தான் மீட்டர் பெட்டி, சார்ஜில் நிற்கும் ஸ்கூட்டர், தூக்கிப்போட மனம் வராத பழைய மெத்தை. சூடான புகைக்குப் படிக்கட்டு ஒரு புகைபோக்கி. மேலே ஓடினால் மொட்டைமாடிக் கதவில் பூட்டு, சாவி செக்ரட்டரி வீட்டில். ஜன்னலெல்லாம் கம்பி. திருடனுக்குப் பயந்து போட்டதெல்லாம் நம்மையே உள்ளே பூட்டிவிடுகிறது. ஒரு ஜன்னல் கிரில்லையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள். பட்டறைக்காரருக்கு அது பெரிய வேலையல்ல. இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்தித் தூங்குவதும் புகை நுழைவதைத் தாமதப்படுத்தும்.

வழி அடைபட்டால்

கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்க வேண்டாம். ஈரத்துணிக்கு உண்மையான வேலை இங்கேதான்: கதவிடுக்கில் திணியுங்கள். தெருப்பக்க ஜன்னலுக்குப் போய் 101 அல்லது 112க்கு அழைத்து, எத்தனையாவது மாடி என்று சொல்லுங்கள். புகை மேலே தங்குவதால் தவழ்ந்தே நகருங்கள். லிப்ட் வேண்டவே வேண்டாம்.

புகையில் சிக்கி மீண்டவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை இதற்கு நம்பக் கூடாது. விரல்நுனியில் மாட்டும் அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தமும் ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஒன்றுபோலவே தெரியும். உயிர் ஊசலாடும்போதும் 98 என்று காட்டக்கூடும். கார்பன் மோனாக்சைடு அளவை ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்குவார்கள்.