கட்டும் கைகள் – 9: கொத்தனாருக்குப் புதிய கல்வி

உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டு உற்பத்தியிலிருந்தே எழுகிறது என்று சென்ற வாரம் கண்டோம். அதைக் குறைக்கும் உபாயங்களை அறிஞர்கள் எத்துணை நுட்பமாக வகுத்தாலும், அவை சுவராக எழுவது கரண்டி பிடித்த கொத்தனாரின் கையால்தான்.

பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்து, 1945-இல் இந்தியா வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் நிலைத்த லாரி பேக்கர் பரவச் செய்த எலிப்பொறிக் கட்டை எடுத்துக்கொள்வோம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரு முகங்களுக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, குறுக்குக் கல்லால் அவற்றைப் பிணைத்துக்கொண்டே போனால், ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் ஏறக்குறையக் காற்பங்கு மிச்சமாகிறது. இடையில் நிற்கும் காற்று வெயிலின் தாபத்தையும் தடுக்கிறது. ஆனால், பல்லாண்டுகளாகக் கல்லைப் படுக்கவைத்தே பழகிய கை, வெற்றிடத்துக்குள் கலவை விழாதபடி வைத்துப் பழகும் வரையில் வேலை மந்தமாகவே நடக்கும். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? சதுர அடிக் கணக்கில் பேசிய மேஸ்திரி ஏற்கமாட்டார். அன்றன்றைக் கூலியில் அடுப்பெரிக்கும் தொழிலாளியால் ஏற்க இயலாது.

1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்கள், கட்டடச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்கென வசூலிக்க வகைசெய்தன. அவ்வாறு திரண்ட நிதியில் பெருந்தொகை செலவிடப்படாமலே கிடப்பதை 2018-இல் உச்ச நீதிமன்றம் கடிந்துரைத்தது. பயிற்சி நாட்களின் முழுக் கூலியையும் அந்நிதியிலிருந்து அளித்து, பயிற்சியை வேலைத்தலத்துக்கே கொண்டுசெல்வதைவிட உசிதமான செலவை நான் அறியேன்.

சுவரில் மட்டுமன்றிக் கூரையிலும் கொத்தனாருக்குப் புதிய வேலை காத்திருக்கிறது. ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024-இல் தொடங்கியது. தகடு பொருத்துவோருக்கான சூரியமித்ரா பயிற்சியிலோ பள்ளிப் படிப்பும் ஐ.டி.ஐ. போன்ற தகுதியும் கேட்கிறார்கள். மின்னிணைப்புக்கு அந்த நிபந்தனை நியாயமே. ஆயினும் தகட்டின் கால்களை மொட்டைமாடியில் ஊன்றி, மழை ஒழுகாமல் தளத்தைக் காப்பது கொத்தனாரின் வித்தையல்லவா? அவருக்கும் அங்கே ஒரு வாயில் திறந்திருக்க வேண்டும்.

இவை யாவற்றினும் மேலாக என் மனத்தை வருத்துவது சித்தாள்களின் நிலை. கல் சுமக்க வந்த வாலிபன் சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கிறான். அதே நாளில் வேலைக்கு வந்த பெண்ணோ முதுமையிலும் சட்டி சுமக்கிறாள். ஆரோவில் மண் கட்டடக் கழகத்தார் கற்பிக்கும் மண்கல்லைப் பாருங்கள்: சலித்த மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்டு கலந்து, பொறியில் அழுத்தி, சூளையில் சுடாமல் நான்கு வாரம் ஈரங்காத்து எடுக்கிறார்கள். சலிப்பதும் கலப்பதும் நீர் தெளிப்பதும் சித்தாளின் அன்றாடத் தொழில்களே. கேரளத்து ஏற்றுமானூரில் அர்ச்சனா மகளிர் மையத்தில் பெண்கள் கொத்து வேலை பயின்றிருக்கிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவேட்டில் சித்தாள் என்று குறிக்கப்பட்ட பெண்களையே நம் மாநிலமும் முதற்பயிற்சிக்கு அழைக்கட்டும். பயின்று வந்தபின் அவர்களுக்குக் கொத்தனார் கூலியே வழங்கட்டும்.