நட்பு முளைத்தால் நாவும் பேசும்!

கோடை வந்தது, பள்ளிகள் மூடின, சுவர்கள் பேசத் தொடங்கின. "பத்தே நாளில் ஆங்கிலம்!" என்றது ஒரு சுவர். "தயக்கமின்றிப் பேசலாம், தலைநிமிர்ந்து வாழலாம்!" என்றது மறு சுவர். பட்டறையில் இரும்படிக்கும் தந்தை அதைப் படித்தார். தறியில் அறுந்த இழையை முடியும் தாய் அதைக் கேட்டறிந்தார். ஓவர்டைம் பார்த்த கூலியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை ஆங்கில முகாமின் வாயிலில் விட்டுத் திரும்பினார்கள். தாம் பெறாததைத் தம் பிள்ளையாவது பெறட்டும் என்ற வேட்கை அது. அந்த வேட்கைக்குத் தலைவணங்குகிறோம்.

மாலையில் பிள்ளை வீடு திரும்புகிறது. "இன்றைக்கு எத்தனை வார்த்தை கற்றாய்?" என்று தந்தை கேட்கிறார். தவறான கேள்வி என்று சொல்லமாட்டோம். ஆனால் அதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?"

"இதென்ன கேள்வி? பணம் கட்டியது ஆங்கிலத்துக்கா, பந்திக்கா?" என்று தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு, நம்மோடு அந்த முகாமுக்குள் ஒரு நடை வரட்டும்.

அதோ, முதல் நாள். முன்வரிசையில் நான்கு பிள்ளைகள். ஒரே பள்ளி, ஒரே தெரு, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மழலைப் பருவத்திலேயே ஆங்கிலம் காதில் விழுந்தவர்கள். பின்வரிசையில் நம் தோழரின் மகன். அரசுப் பள்ளி மாணவன். கணக்கில் கெட்டிக்காரன், கபடியில் சூரன். எழுந்து பெயர் சொல்லச் சொல்கிறார்கள். "மை நேம்..." என்று தொடங்கிய நா, இரண்டாவது சொற்றொடரில் இடறுகிறது. முன்வரிசையில் ஒரு சிரிப்பு. சின்னஞ்சிறு சிரிப்புத்தான். ஆனால், அந்தச் சிரிப்பு அவன் வாயைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்துவிடுகிறது! அதன் பிறகு ஒன்பது நாளும் அவன் அங்கே இருக்கிறான், பேசவில்லை. பாடம் நடக்கிறது, அவனுக்கு நடக்கவில்லை. கூலி போனது பெரிதல்ல. "எனக்கு ஆங்கிலம் வராது" என்ற பொய்யை உண்மையென்று நம்பி வீடு திரும்புகிறானே, அதுதான் பேரிழப்பு!

மொழி பேசப் பேச வருவது. பேசுவதற்கோ எதிரே ஓர் ஆள் வேண்டும்; நாம் தவறாகப் பேசினாலும் நம்மைத் தாழ்வாக எண்ணாத ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் நண்பன் என்று பெயர். முகாமுக்கு வாத்தியார் வேண்டும், புத்தகம் வேண்டும், கரும்பலகை வேண்டும். மறுக்கவில்லை. நண்பன் இல்லையேல் அத்தனையும் வெறும் சாமான்!

"பிள்ளைகளை ஓரிடத்தில் விட்டால் நட்பு தானாக வந்துவிடாதா?" என்று கேட்பார்கள். வந்துவிடாது. இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம். 1954-ம் ஆண்டுக் கோடை. ராபர்ஸ் கேவ் என்னும் மலைப்பூங்காவில் ஒரு சிறுவர் முகாம். நடத்தியவர் துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியல் அறிஞர் முசாபர் ஷெரீப். வந்தவர்கள் 22 சிறுவர்கள். 11 வயதை ஒட்டியவர்கள். இரண்டு அணியாகப் பிரித்து, ஓரணிக்கு மற்றோர் அணி இருப்பதே தெரியாமல் சில நாள் வைத்திருந்தார்கள். ஓரணி கழுகு என்று பெயர் வைத்துக்கொண்டது. மற்றோர் அணி பாம்பு என்றது. பிறகு இரண்டையும் போட்டியில் மோதவிட்டார்கள். பந்தாட்டம், கயிறு இழுத்தல், வென்றவருக்குப் பரிசு. விளைவு என்ன? வசை பிறந்தது, கொடி எரிந்தது, ஓரணியின் குடிலுக்குள் மற்றோர் அணி புகுந்து சூறையாடியது. அத்தனை பேரும் ஒரே மொழி பேசுவோர், ஒரே நிறத்தார், ஒரே நகரத்தார்! ஆனாலும் பகை மூண்டது.

பகையை ஆற்ற என்ன செய்தார்கள்? முதலில், ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். சோறு வயிற்றுக்குப் போகவில்லை. எதிரணியின் முகத்துக்குப் பறந்தது! ஒன்றாகப் படம் காட்டினார்கள். பகை கலையவில்லை. பக்கத்தில் உட்காரவைப்பது வேறு, பக்குவப்படுத்துவது வேறு என்பது தெளிந்தது.

பிறகுதான் ஷெரீப் வேறு வழி கண்டார். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும்படி ஏற்பாடு செய்தார். இரண்டு அணியும் சேர்ந்து தேடினால்தான் பழுது தெரியும். சேர்ந்து தேடினார்கள். பார்க்க விரும்பிய படத்துக்கு ஓரணியின் காசு போதாது. சேர்ந்து போட்டார்கள். சாப்பாடு வாங்கப் போகவேண்டிய லாரி நகர மறுத்தது. கயிறு கட்டி இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? எதிரெதிராக நின்று இழுத்துப் பகை வளர்த்தார்களே, அதே கயிறு! அன்று இரு முனையில் நின்றவர்கள் இன்று ஒரு முனையில் நின்றார்கள்; லாரி நகர்ந்தது. பகையும் நகர்ந்தது. ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் போகவேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். வழியில் பாம்பு அணி தனக்குப் பரிசாகக் கிடைத்திருந்த 5 டாலரை எடுத்து, இரண்டு அணிக்கும் சேர்த்தே பானம் வாங்கியது.

இந்தச் சோதனையைக் குறைகூறுவோரும் உண்டு. பிள்ளைகளை மூட்டிவிட்டதே பெரியவர்கள்தாம் என்கிறார்கள். அந்தக் குறையிலும் ஒரு பாடம் கிடக்கிறது. முந்திய ஆண்டு, 1953-ல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரீப் இதே போன்று ஒரு முகாம் நடத்தினார். அங்கே பிள்ளைகளை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, அதன் பிறகே பிரித்தார். மூட்டிப் பார்த்தும் பகை மூளவில்லை. சோதனையைப் பாதியிலேயே கைவிட நேர்ந்தது. முன்பே முளைத்த நட்பு, பின்னால் வந்த பிரிவினையைத் தோற்கடித்தது! முதல் நாளில் பழகவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"சரி, அந்தச் சிறுவர்கள் ஒரே மொழியினர். மொழியே வேலியாக நிற்கும் இடத்தில் என்ன செய்வது?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. அதே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரம் அதற்கு விடை தருகிறது.

1971-ல் அந்நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வழியினர் ஆகிய மூவகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரும் நிலை வந்தது. அமர்ந்தார்கள், அடித்துக்கொண்டார்கள். எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியரை அழைத்தார்கள். அவர் வகுப்பைக் கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். தெரிந்தவன் கை தூக்குகிறான். தெரியாதவன் தலை கவிழ்கிறான். ஒருவன் தோற்றால்தான் இன்னொருவன் வெல்லலாம் என்ற ஏற்பாடு. இதில் நட்பு எங்கே முளைக்கும்?

ஏற்பாட்டையே மாற்றினார். ஆறு ஆறு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவிலும் எல்லா வகைப் பிள்ளைகளையும் கலந்தார். ஒரு பாடத்தை ஆறு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் துண்டைப் படித்து மற்ற ஐவருக்கும் சொல்லவேண்டும். ஆறும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை. அதன் பிறகு தேர்வு.

ஒரு குழுவில் மெக்சிக வழிச் சிறுவன் ஒருவன். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாம் மொழி. தன் துண்டைச் சொல்லத் திணறினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். கவனித்துக்கொண்டிருந்த உதவியாளர் அவர்களைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. "கேலி செய்வதால் அவனிடம் இருக்கும் பாடம் உங்களுக்கு வந்து சேராது, தேர்வோ நெருங்குகிறது" என்ற பொருள்பட நினைவூட்டினார். கேலி நின்றது, கேள்வி பிறந்தது. பொறுமையாகக் கேட்கக் கேட்க, அவன் நா அவிழ்ந்தது. நாம் நினைத்ததைவிட இவனுக்குத் தெரிகிறதே என்று வியந்தார்கள். வியப்பு விருப்பமாயிற்று, விருப்பம் நட்பாயிற்று. தயவுக்காக அவனைச் சேர்க்கவில்லை, தோழர்களே! தேவைக்காகச் சேர்த்தார்கள். தயவில் வரும் நட்பு தாழ்ந்து நிற்கும். தேவையில் வரும் நட்பு தோளோடு தோள் நிற்கும்.

இனி, இதற்கு நேர்மாறான வழியையும் பார்ப்போம். "முகாமுக்குள் தாய்மொழி பேசினால் அபராதம்!" என்று சில இடங்களில் கட்டளை போடுகிறார்கள். புதிய கண்டுபிடிப்பு என்ற நினைப்பு அவர்களுக்கு! பழைய கொடுமை அது. 19-ம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டினார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அவருக்குத் தண்டனை. கென்யாவிலும் இதுபோல் நடந்ததைக் கூகி வா தியாங்கோ 1986-ல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அங்கே கைமாறியது ஒரு பொத்தான். தாய்மொழி பேசிய பிள்ளைக்குக் கிடைத்தது பிரம்படி.

இதில் பிள்ளை கற்றது என்ன? தன் கழுத்துச் சுமை இறங்கவேண்டுமானால், பக்கத்துப் பிள்ளை சிக்கவேண்டும். ஆகவே காது கொடுத்துக் கேட்டான். நட்புக்காக அல்ல, காட்டிக்கொடுப்பதற்காக! மொழி கற்பிக்கிறோம் என்று சொல்லி ஒற்றர் வேலை கற்பித்தார்கள். இன்று தொங்குவது மரத்துண்டு அல்ல, பத்து ரூபாய் அபராதம் என்றால், பொருள்தான் மாறியது, புத்தி மாறவில்லை.

ஆங்கிலம் கூடாது என்போர் அல்லோம் நாம். பல மொழிப் பிள்ளைகள் கூடுமிடத்தில் அது பாலமாக நிற்பதை அறிவோம். 1951-ல், உலகப் போர் ஓய்ந்து ஆறே ஆண்டில், டோரிஸ் ஆலன் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பல நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கோடைக் கிராமம் அமைத்தார். அங்கே தொடங்கிய அமைப்பு இன்றும் நடக்கிறது. நாட்டுக்கு நான்கு பிள்ளைகள், இருவர் ஆண், இருவர் பெண், வயது 11. பொதுமொழி ஆங்கிலம். ஆனால் நோக்கம் ஆங்கிலம் அல்ல, நட்பு. அங்கே ஆங்கிலம் அளவுகோல் அல்ல, அகப்பை! பரிமாற உதவுகிறது, அவ்வளவே.

படிப்பகத்திலும் மன்றத்திலும் கோடை வகுப்பு நடத்தும் தோழர்களுக்குச் சில சொல்வோம். முதல் நாள் இலக்கணத்தைத் திறக்காதீர்கள், பெயர்களைத் திறவுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மற்றப் பிள்ளைகள் சரியாகச் சொல்லப் பழகட்டும். ஒரே பள்ளிப் பிள்ளைகளை ஒரே பாயில் உட்காரவிடாதீர்கள். ஐந்தாறு பேராகக் கலந்து அமர்த்துங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முடிக்கவேண்டிய வேலை ஒன்று கொடுங்கள். ஒரு நாடகமோ, ஒரு சுவரொட்டியோ, ஒரு வேளைச் சமையலோ எதுவாயினும் சரி, ஒருவன் விலகினால் வேலை நிற்கவேண்டும். பேசத் தயங்கும் பிள்ளையிடம் பேச்சை மட்டுமே கேட்காதீர்கள். அவன் கைத்திறனுக்கும் இடம் வையுங்கள். கபடி தெரிந்தவன் கபடி கற்பிக்கட்டும். கற்பிக்கும் சொல் ஆங்கிலமாக இருக்கட்டும். சொல் தட்டுப்பட்டால் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அது குற்றமல்ல, உதவி. வாத்தியாரும் தம் தவற்றைத் தாமே சிரித்துத் திருத்திக் காட்டட்டும். கேலி எழுந்தால், எல்லோர் நடுவிலும் இடி முழங்காமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள். அவமானத்தை அவமானத்தால் ஆற்ற முடியாது.

ஆலையில் நாம் அறிந்த பாடந்தானே இது? ஒரு மூட்டையை நால்வர் தூக்கும்போது, இவன் எந்த ஊர், என்ன படிப்பு என்று எவன் கேட்கிறான்? தோள் கொடுத்தவன் தோழன். அந்தப் பாடம் பிள்ளைகளின் முகாமுக்கும் போகட்டும்.

மாலையில் மகன் வருவான். செருப்பைக் கழற்றட்டும்; தண்ணீர் குடிக்கட்டும். பிறகு கேளுங்கள்: "இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" அவன் ஒரு பெயர் சொன்னால், கட்டிய பணம் வீணாகவில்லை என்று மகிழுங்கள். இரண்டு பெயர் சொன்னால், ஆங்கிலம் தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறது என்று அறியுங்கள். ஒரு பெயரும் சொல்லாமல் தலை கவிழ்ந்தால், அவனைக் கடியாதீர்கள். மறுநாள் அரைமணி முன்னதாகப் புறப்பட்டுப் போய் முகாம் நடத்துவோரைக் கேளுங்கள்: "என் மகனுக்கு நீங்கள் கொடுத்த வேலை என்ன? அவன் இல்லாவிட்டால் நிற்கும் வேலை எது?"

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்க ஆங்கிலம் தேவையில்லை!