டீசல் காரில் மஞ்சள் விளக்கு எரியுதா? டிபிஎஃப் அடைப்பு வருவது ஏன்... சர்வீஸ் சென்டர் போகும் முன் என்ன பார்க்கணும்?

கரிவலம்வந்தநல்லூரில் இருந்து சங்கரன்கோவில் சுமார் 10 கிலோமீட்டர். காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விட ஒரு நடை, பேங்க், மார்க்கெட் என்று இன்னொரு நடை, சாயங்காலம் திரும்பவும் ஒரு நடை. கார் வாங்கிய பலருக்கும் வாரம் முழுக்க ஓட்டம் இவ்வளவுதான். இன்ஜின் நன்றாகச் சூடேறும் நேரத்தில் ஊர் வந்துவிடும்.

பழைய டீசல் வண்டிகளுக்கு இது பிரச்சனையே இல்லை. ஆனால் 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களுக்கு இந்தக் குட்டி ஓட்டம்தான் பெரிய எதிரி. சில மாதங்களில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கவனிக்காமல் ஓட்டினால் வண்டி இழுக்காது. கடைசியில் ஃபில்டரையே மாற்றணும் என்று சொல்வார்கள். மாடலைப் பொறுத்து செலவு ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு.

அந்த ஃபில்டரின் பெயர் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர், சுருக்கமாக டிபிஎஃப்.

டிபிஎஃப் என்ன செய்கிறது?

டீசல் எரியும்போது வரும் கரியைப் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. (ஊர்ப் பெயரில் இருக்கும் 'கரி' யானையைக் குறிப்பது. காரில் சேர்வது வேறு கரி!) உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். அதன் குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று முனையில் அடைக்கப்பட்டிருக்கும். அதனால் புகை நேராக வெளியேற முடியாது, சுவர் வழியாகக் கசிந்துதான் போகணும். அப்படிப் போகும்போது கரி மட்டும் சுவரில் தங்கிவிடும்.

பிஎஸ்-4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை நுண்துகள் வெளியிடலாம் என்பது விதி. பிஎஸ்-6 இதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. ஃபில்டர் இல்லாமல் இந்த அளவை எட்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆக, இது கம்பெனிக்காரர்கள் வேண்டாமல் சொருகிய பாகம் இல்லை.

பிடித்த கரி எங்கே போகும்?

எரித்துத்தான் தீர்க்கணும். இதற்கு 'ரீஜெனரேஷன்' என்று பெயர். பைபாஸில் நீண்ட தூரம் ஓடும்போது, சைலன்சர் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அது போதாதபோது காரின் கம்ப்யூட்டரே களத்தில் இறங்கும். கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளித்து, ஃபில்டரின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி கரியைச் சாம்பலாக்கும். பெரும்பாலான கார்களில் இது முடிய 15 முதல் 20 நிமிடம் வரை ஆகும்.

சிக்கல் இங்கேதான். இந்த வேலை நடுவில் இருக்கும்போதே வீடு வந்து, சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிடுகிறோம். எரிந்தது பாதி, எரியாதது மீதி. அடுத்த நாளும் இதே கதை. தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். 'பரவாயில்லையே, ஆயிலே குறையலை' என்று சந்தோஷப்படக் கூடாது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை உடனே மாற்றணும். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய், டர்போவையும் பேரிங்கையும் தேய்த்துவிடும்.

ரீஜெனரேஷன் நடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா காரிலும் விளக்கு எரிந்து தகவல் சொல்லாது. ஆனால் அறிகுறிகள் உண்டு. நின்றுகொண்டிருக்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மைலேஜ் காட்டும் எண் திடீரென்று குறையும். சூடான உலோக வாடை வரும். வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடும். இதில் ஏதாவது தெரிந்தால், முடிந்தால் ஆஃப் செய்யாமல் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிடுவது நல்லது.

கிராமத்துப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கணும். இந்த நேரத்தில் வண்டியின் அடிப்பகுதி கொதிக்கும். வைக்கோல் பரப்பிய களம், காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தினால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

மஞ்சள் விளக்கு எரிந்தால்?

டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால் பதற வேண்டாம். 'என்னைக் கொஞ்சம் ஓட்டு' என்று கார் கேட்கிறது, அவ்வளவுதான். டேங்கில் போதிய டீசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிசர்வில் இருந்தால் பல கார்களில் ரீஜெனரேஷன் தொடங்காது. பிறகு ராஜபாளையம் பக்கமோ திருநெல்வேலி பக்கமோ, நிற்காமல் ஓட்ட முடிகிற சாலையில் 20 நிமிடம் போய் வாருங்கள். வேகத்தைவிட ஆர்பிஎம் முக்கியம். 2,000-க்கு மேல் இருக்கும்படி ஒரு கியர் குறைத்து ஓட்டினாலே போதும், 100-ல் பறக்கத் தேவையில்லை. உங்கள் மாடலுக்கான சரியான முறை காரோடு வந்த மேனுவலில் இருக்கும்.

இன்ஜின் செக் லைட்டும் சேர்ந்து எரிந்தாலோ, பிக்கப் சுத்தமாகப் போய்விட்டாலோ கதை வேறு. அதன்பிறகு நீங்களாக ஓட்டி எரிக்கப் பார்க்காதீர்கள். அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரே நேரத்தில் பற்றினால் பீங்கான் உருகும், இல்லையென்றால் விரிசல் விடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே எரிக்கும் வசதி இருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்யணும். வாட்டர் சர்வீஸ் பைப்பை நேராக ஃபில்டருக்குள் விடும் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

பைபாஸில் ஓட்டியும் அடைக்கிறதா?

அப்படியென்றால் குற்றவாளி ஃபில்டர் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. ஒழுகும் இன்ஜெக்டர், சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு, கிழிந்த டர்போ ஹோஸ், அடைத்த ஏர் ஃபில்டர்... எல்லாமே கரியைக் கூட்டும். தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்டால் இன்ஜின் சூடேறாது, ரீஜெனரேஷனும் தொடங்காது. சில நேரம் ஃபில்டரில் ஒன்றுமே இருக்காது. அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் டியூப் வெடித்திருக்கும், அவ்வளவுதான். சில நூறு ரூபாய் டியூபுக்காக ஒரு லட்ச ரூபாய் ஃபில்டரை மாற்றிவிட்டு, அதே விளக்கு மறுபடி எரிந்தால் எப்படி இருக்கும்?

அதனால் 'மாற்றணும்' என்று சொன்னதும் தலையாட்டாமல் ஸ்கேனரில் மூன்று விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள். கரியின் அளவு என்ன, சாம்பலின் அளவு என்ன, கடைசி ரீஜெனரேஷன் எத்தனை கிலோமீட்டருக்கு முன்னால் முடிந்தது. கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் நிறைந்திருந்தால்தான் கழற்றும் பேச்சே. அந்தச் சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் இருந்து வருவது. அதனால்தான் டிபிஎஃப் கார்களுக்கு 'லோ சாப்ஸ்' எனப்படும் சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள். விலை குறைவு என்று வேறு ஆயில் ஊற்றினால் ஃபில்டரின் ஆயுள்தான் குறையும்.

எல்லா நேரமும் ஓட்டுபவர் மீது தவறு என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளின் டிபிஎஃப் அமைப்பில் குறைபாடு இருந்தது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. வழக்கில் வந்த வண்டிகள் 2.6 லட்சத்துக்கும் மேல். வாரன்டி காலத்துக்குள் பிரச்சனை வந்தால் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் புகாரை எழுத வைத்து, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிப் போட்டுவிட்டால் என்ன?

'உள்ளே இருப்பதை உடைத்துவிட்டு, சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம், மைலேஜும் வரும்' என்று சொல்பவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படி மாற்றுவதை அனுமதிக்கவில்லை. 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாரன்டி போய்விடும். வெளியே வரும் கரி, பின்னால் டூவீலரில் வருபவரின் நுரையீரலுக்குத்தான் போகும்.

இப்படி உடைத்த வண்டிகள் செகண்ட் ஹேண்டிலும் கைமாறுகின்றன. பிஎஸ்-6 டீசல் கார் பார்க்கப் போனால், இன்ஜின் ஆறிய நிலையில் சைலன்சர் முனைக்குள் ஒரு வெள்ளைத் துணியைவிட்டுத் துடைத்துப் பாருங்கள். ஃபில்டர் நன்றாக இருக்கும் காரில் துணி பெரிதாக அழுக்காகாது. கன்னங்கரேல் என்று வந்தால், உள்ளே ஃபில்டர் விரிசல் விட்டிருக்கணும், இல்லையென்றால் ஃபில்டரே இல்லாமல் இருக்கணும். விலை பேசுவதற்கு முன்னால் ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.