ஒரு மழை, இரண்டு ஆறுகள்

பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நகரம். வடக்கு தெற்காக நீளும் முகடு இங்கே பெய்யும் மழையை இரண்டாகப் பிரிக்கிறது.

மேற்கே வழியும் நீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியே காவிரியில் கலந்து, பூம்புகாரில் கடல் சேர்கிறது. கிழக்கே வழிவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் விழுகிறது. கன்னடத்தில் அவள் தட்சிண பினாகினி. ஓசூரருகே கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள், கடைசியில் கடலூர்.

நகருக்குள் பேராறு கிடையாது. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து காவிரியை மேடேற்றித்தான் குடிக்கிறோம். குடித்து, குளித்து, துவைத்து நாம் விடும் கழிவுநீரும் இதே இரண்டு சரிவுகளில்தான் இறங்குகிறது. கெலவரப்பள்ளி மதகுகளில் நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.