குளிருக்கு ஜக்கெட் மட்டும் காணாது, கடதாசியும் வேணும்

கனடாவுக்குப் புதிதாக வருகிற ஒருவரை விமான நிலையத்தில் இருந்து கூட்டிக்கொண்டு வரும்போதே புத்திமதி தொடங்கிவிடும். தடித்த ஜக்கெட் வாங்கு, பருத்திச் சட்டையை உள்ளுக்குப் போடாதே, வியர்த்தால் ஈரம் ஒட்டிக்கொண்டு கூடக் குளிரும், காதை மூடு, பூட்ஸ் தண்ணீர் புகாததாகப் பார். எல்லாம் சரியான புத்திமதிதான். விரல் விறைத்து வெளிறிப்போனால் தேய்க்கக்கூடாது, கொதிநீரில் வைக்கவும் கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணீரே போதும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் அதே ஆளை ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியேற்றிவிட்டு, அந்த அறையில் எத்தனை பாகை சூடு இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

அதனால்தான் ஒவ்வொரு தை, மாசியிலும் அதே கதைகள். மூன்று மாணவர்கள் ஒரு பேஸ்மென்டில் ஜக்கெட்டோடு படுக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மம்மா சமையலறை ஒவனின் கதவைத் திறந்துவைத்துக் குளிர் காய்கிறார். வாடகையைக் காசாகக் கொடுத்துவிட்டுத் துண்டு வாங்காத குடும்பம், பங்குனியில் பனி கரைந்தபிறகு ‘ஏதாவது செய்யேலுமோ?’ என்று கேட்கிறது. ஏதாவது செய்திருக்கலாம், மார்கழியிலேயே. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் பங்குனியில் வந்தால் எந்த அலுவலகமும் அசையாது.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ரொறன்ரோ நகரசபையின் விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் பராமரிப்பு விதி 20 பாகை என்கிறது. மாகாணச் சட்டத்தில் செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை சூடு என்பது அத்தியாவசிய சேவை. தண்ணீரையும் மின்சாரத்தையும் போல அதையும் வீட்டுக்காரர் நிறுத்திவைக்க முடியாது.

எங்கே அளப்பது என்பதும் விதியிலேயே இருக்கிறது: தரையில் இருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி. டொலர் கடையில் ஒரு வெப்பமானி வாங்கி, கதிரை முதுகிலோ அலுமாரித் தட்டிலோ அந்த உயரத்தில் வையுங்கள். யன்னல் விளிம்பில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனால் அது குளிரைக் காட்டாது, உங்கள் அவசரத்தைத்தான் காட்டும். காலை, மாலை, படுக்கும் நேரம் என்று சில நாட்களுக்குத் திகதியும் நேரமும் விழுகிற மாதிரிப் படம் எடுங்கள். ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். இதற்கு மேல் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

பேஸ்மென்டில் வழக்கமான சிக்கல், தேர்மோஸ்டாற் மேல் மாடியில் இருப்பது. மேலே இருப்பவர் பகலில் வேலைக்குப் போகும்போது கரண்டுக்காசும் காஸ் காசும் மிச்சம் என்று குறைத்துவிட்டுப் போவார். கீழே கைக்குழந்தை. கேட்டால், ‘ஒரு சின்ன ஹீற்றர் வாங்கித் தாறன் தம்பி, அதைப் போடுங்கோ’ என்று பதில் வரும். பெரிய மனது போலத் தெரியும், ஆனால் விதி அதை ஏற்காது. கொண்டு திரிகிற ஹீற்றரை வீட்டின் முதன்மைச் சூடாக்கியாக வைக்கக்கூடாது என்று மாகாண விதி வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த ஹீற்றர் வந்ததோடு வீட்டுக்காரரின் கடமை தீர்ந்துவிட்டது என்று நினைத்து வாயை மூடாதீர்கள்.

அடுத்தது எழுத்து. இதில்தான் எங்கள் ஆட்கள் சறுக்குகிறார்கள், ஐஸில் சறுக்குவதைவிட அதிகமாக. வீட்டுக்காரர் ஊராள், அல்லது சித்தப்பாவின் சம்பந்தி. ‘அண்ணைக்கு எப்படி எழுத்தில குடுக்கிறது, மரியாதை இல்லையெல்லோ’ என்று படியில் நின்று சொல்லிவிட்டு வருகிறார்கள். படியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மரியாதையாகவே எழுதலாம். ‘அண்ணை, ஜனவரி 12 இரவு 10 மணிக்கு அறையில் 16 பாகைதான் இருந்தது. படம் அனுப்பியிருக்கிறன். நாளைக்குள் சரிசெய்து தாருங்கோ’ என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அதையே எளிய ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினால் பிறகு மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். குரல் பதிவு அனுப்பாதீர்கள். தொலைபேசியில் கதைத்தாலும், கதைத்து முடிந்தவுடன் ‘இப்போது கதைத்தபடி’ என்று தொடங்கி ஒரு செய்தி போடுங்கள்.

அதற்கும் அசைவில்லையா, 311. ரொறன்ரோ நகரசபையின் இலக்கம் அது. ஆங்கிலம் வராவிட்டால் ‘தமிழ்’ என்று மட்டும் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ‘வீடு குளிராக இருக்கிறது’ என்று சொல்லாமல், ‘வாடகை வீடு, சூடு இல்லை, இத்தனை பாகை, குழந்தை இருக்கிறது, வீட்டுக்காரருக்கு இன்ன திகதியில் எழுதினேன்’ என்று சொல்லுங்கள். அழைப்பு முடியுமுன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாடு முறைப்பாடே அல்ல. மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ் பக்கம் இருப்பவர்கள் அந்தந்த நகரசபையின் துணைவிதிப் பிரிவைக் கேட்கவேண்டும். வேண்டுமென்றே சூட்டை நிறுத்துகிற வீட்டுக்காரர் என்றால், மாகாணத்தின் வாடகை வீட்டுச் சட்ட அமுலாக்கப் பிரிவுக்கு 1-888-772-9277 இல் அறிவிக்கலாம். அது குற்றமாகவே விசாரிக்கப்படும்.

நகரசபை அதிகாரிகளைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் ‘எல்லாம் சரி’ என்றதும் கோப்பை மூடிவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதிகாரி வருகிறார் என்றவுடன் தேர்மோஸ்டாற்றை 24க்கு ஏற்றி, அவர் போனபின் இறக்கிவிடும் வீட்டுக்காரரும் உண்டு. மூடினால் மறுபடி கூப்பிடுங்கள், பழைய இலக்கத்தைச் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள். கூப்பிடக் கூப்பிடத்தான் கோப்பு தடிக்கும்.

‘முறைப்பாடு செய்தால் எழுப்பிப் போடுவினம்’ என்ற பயம் பெரிது. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தன் எண்ணத்துக்கு ஒருவரை எழுப்ப முடியாது. வீட்டுக்காரர் குடியிருப்பாளர் தீர்ப்பாயத்தின் உத்தரவு வேண்டும், அதை நிறைவேற்ற ஷெரிப் வரவேண்டும். அரச அலுவலகத்தில் முறைப்பாடு செய்ததற்குப் பழிவாங்கத்தான் எழுப்புகிறார் என்று தெரிந்தால், தீர்ப்பாயம் மறுத்தே ஆகவேண்டும். பேஸ்மென்ட் அனுமதி இல்லாமல் கட்டியது என்றாலும் குடியிருப்பவரின் உரிமை போய்விடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை என்றாலும் போகாது. ஆனால் நகரசபை அதிகாரி வந்தால் அனுமதி இல்லாத பேஸ்மென்டும் அவர் கண்ணில் படும் என்பதைத் தெரிந்துகொண்டே கூப்பிடுங்கள். பயமாக இருந்தால் முதலில் சட்ட உதவி நிலையத்தில் கதைத்துவிட்டு 311க்குப் போங்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் கவனம். வீட்டுக்காரரோ அவருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரோ அதே கட்டடத்தில் இருந்து, அவர்களோடு நீங்கள் குளியலறையையோ சமையலறையையோ பகிர்வது கட்டாயம் என்றால், வாடகைக் குடியிருப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. தனிச் சமையலறை, தனிக் குளியலறை உள்ள பேஸ்மென்டுக்குப் பொருந்தும். அறை எடுக்கிற மாணவர்கள் இதை வீடு பார்க்கும்போதே கேட்கவேண்டும், குளிர் வந்தபிறகு அல்ல.

இப்போது பலரும் செய்கிற பெரிய பிழை. சூடு தரவில்லை என்று வாடகையை நிறுத்துவது. நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம்தான் இருக்கும், ஆனாலும் நிறுத்தாதீர்கள். வாடகை நின்ற அடுத்த நாளே வீட்டுக்காரர் என்4 என்ற அறிவித்தலைத் தரலாம். அதில் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போவார். அதுவரை சூடு தராத வீட்டுக்காரர் பற்றியதாக இருந்த கதை, வாடகை கட்டாத குடியிருப்பாளர் பற்றியதாக மாறிவிடும். யார் சொன்னாலும், தமிழ்க் கடையில் சந்தித்த விவரமான அண்ணை சொன்னாலும், வாடகையைக் கட்டுங்கள். காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தரவேண்டியது சட்டக் கடமை.

வாடகையைக் கட்டிக்கொண்டே நட்டஈடு கேட்க வழி இருக்கிறது. ஃபேர்னஸ் பழுது, திருத்தவில்லை என்றால் தீர்ப்பாயத்தின் ரி6 படிவம். வேண்டுமென்றே சூட்டைக் குறைத்தார், நிறுத்தினார் என்றால் ரி2. இரண்டும் நடந்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். வாடகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கலாம், திருத்தச் சொல்லி உத்தரவு கேட்கலாம், நீங்கள் வாங்கிய ஹீற்றரின் விலையையும் கேட்கலாம். கட்டணம் உண்டு, ஆனால் வருமானம் குறைந்தவர்கள் விலக்குக் கேட்கத் தனிப் படிவம் இருக்கிறது. வெப்பமானிப் படங்கள், குறுஞ்செய்திகள், 311 இலக்கம், பற்றுச்சீட்டு, கொப்பி எல்லாவற்றின் பிரதியையும் சேருங்கள். ஸ்காபரோவில் சமூக சட்ட உதவி நிலையம் இருக்கிறது. தெற்காசியருக்கான சால்கோ நிலையமும் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம். படிவத்தை நிரப்பி அனுப்புமுன் அவர்களிடம் காட்டுங்கள்.

தீர்ப்பாயம் கெதியாக நடக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். அங்குள்ள தாமதத்தை ஒன்ராறியோவின் குறைகேள் அதிகாரி 2023இல் ஒரு முழு அறிக்கையாகவே எழுதிக் கண்டித்தார். குளிருக்குத் தீர்ப்பு வெயிலில் வரும். அதனால் உடனடிச் சூட்டுக்கு 311, காசுக்குத் தீர்ப்பாயம் என்று இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டவேண்டும்.

அதுவரை எப்படிச் சமாளிப்பது என்பதில் உயிர் இருக்கிறது. சாதாரணச் சிறிய ஹீற்றர் 1,500 வாட் இழுக்கும். வீட்டின் வழக்கமான 15 அம்பியர் இணைப்பு தாங்குவது 1,800 வாட். அதே இணைப்பில் ரைஸ் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாமல் வயர் சூடானால்தான் ஆபத்து. நீட்டிப்பு வயரில் ஹீற்றரைச் செருகாதீர்கள், நேரே சுவரில் செருகுங்கள். மெத்தை, திரைச்சீலை, காயப்போட்ட உடுப்பு எல்லாம் ஒரு மீற்றர் தள்ளி இருக்கட்டும்.

காஸ் ஒவனைத் திறந்துவைத்துக் குளிர் காயாதீர்கள். கரி அடுப்பையோ பார்பிக்கியூவையோ வீட்டுக்குள்ளும் கராஜிலும் மூட்டாதீர்கள், கராஜ் கதவு திறந்திருந்தாலும் சரி. கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, குமட்டல், தலைச்சுற்று வரும், காய்ச்சல் வருகிறது என்று நினைத்துப் பனடோல் போட்டுப் படுத்தவர் எழும்பாமலே போகலாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் வெளியே வந்துவிட்டு 911ஐ அழையுங்கள். காஸ் ஃபேர்னஸ் உள்ள வீட்டில் தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இதற்கான அலாரம் இருப்பது ஒன்ராறியோவில் கட்டாயம். வாடகை வீட்டில் அதைப் பூட்டவேண்டியது வீட்டுக்காரர். புகை அலாரத்தைப் பார்த்துவிட்டு ‘இருக்கிறதே’ என்று திரும்பாதீர்கள், அது வேறு, இது வேறு. பெரும் பனி கொட்டிய காலையில் வீட்டின் பக்கச் சுவரில் ஃபேர்னஸின் குழாய் வெளியே வரும் இடத்தைப் பனி மூடியிருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

மின்கட்டணம் நிலுவை என்றால், நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை வீட்டு மின்சாரத்தை அதற்காகத் துண்டிக்க முடியாது. நிலுவை அழிந்துவிடாது, வசந்தத்தில் மொத்தமாக வந்து நிற்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு லீப் என்ற அவசர உதவியும், மாதாமாதம் கட்டணத்தைக் குறைக்கும் மாகாணத் திட்டமும் இருக்கின்றன. விண்ணப்பிக்கிறவர்தான் இல்லை.

கடைசியாக, விழுவது. பனியில் விழுந்தால் எங்கள் ஆட்கள் முதலில் சுற்றிப் பார்ப்பது யாராவது கண்டார்களா என்று. பிறகு வீட்டுக்கு வந்து சித்தாலேப பூசிக்கொண்டு படுப்பது. ஒரு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டில் வெடிப்பு. அப்போது வழக்கறிஞரிடம் ஓடுவார்கள். ஆனால் நகரசபை நடைபாதையில் விழுந்தால் எழுத்து மூலமான அறிவித்தல் பத்து நாட்களுக்குள் நகரசபை எழுத்தருக்குப் போயிருக்கவேண்டும். பத்து வாரமல்ல, பத்து நாள். கடை வாசல், பிளாசா கார்த்தரிப்பிடம், வாடகை வீட்டுப் படி போன்ற தனியார் இடம் என்றால் 60 நாட்கள். இந்த 60 நாள் விதி 2021 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ளது. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்கலாம், ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்பதை அந்தக் காரணமாக நம்பி இருக்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ‘பனி அள்ளுவது குடியிருப்பாளர் பொறுப்பு’ என்று ஒரு வரி இருப்பதால் வாயடைத்துப் போகவும் வேண்டாம். பொது வழிப் பனியை அகற்றுவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை, வாடகை ஒப்பந்தத்து வரியால் அதைக் குடியிருப்பாளர் தலையில் கட்ட முடியாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்த்தது. தனியாகப் பேசி, தனியாகக் காசு கொடுத்துச் செய்யும் ஒப்பந்தம் வேறு.

விழுந்த இடத்தை அப்போதே படம் எடுங்கள், ஒரு மணித்தியாலத்தில் உப்பு போட்டுவிடுவார்கள். போட்டிருந்த சப்பாத்தைக் கழுவாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள், ‘பனியில் விழுந்தேன்’ என்பதும் இடமும் பதிவில் எழுதப்படவேண்டும். வானொலியில் விளம்பரம் வருகிற வழக்கறிஞரைத் தேடிப்பிடிக்கும் வரை காத்திருக்காமல் கடிதத்தை நீங்களே எழுதலாம். பெயர், முகவரி, திகதி, நேரம், இடம், எப்படி விழுந்தீர்கள், எங்கே அடி, இவ்வளவும் இருந்தால் போதும். இடம் என்றால் தெருப்பெயர் மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கட்டட இலக்கத்துக்கு முன்னால், சந்தியின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பதிவுத்தபாலில் அனுப்பி, தபாலகத்துச் சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள்.