பாலை நடுவே ஒரு தோட்ட நகரம்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், உள்நாட்டு வறண்ட பகுதியில் பார்கல்டைன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். சுற்றிலும் ஆடு மாடு மேயும் புல்வெளி. ஆண்டு மழை சுமார் 20 அங்குலம்தான். ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். ஆனால் விவசாயிகளுக்கு அங்கே பெரிய பாடம் இருக்கிறது.

காலையில் முதலில் பார்க்க வேண்டியது ரயில் நிலையத்தின் முன்னுள்ள 'அறிவு மரம்'. 1891-ல் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இதன் நிழலில்தான் கூடினார்கள். 2006-ல் யாரோ களைக்கொல்லி ஊற்றியதால் மரம் பட்டுப்போனது. அடிமரத்தைக் காத்து, 2009-ல் நினைவு மண்டபம் அமைத்தார்கள்.

பிறகு தெருக்களில் நடக்கலாம். ஓக், ஆஷ், பீச் என்று தெருக்களுக்கெல்லாம் மரங்களின் பெயர்! 'மேற்கின் தோட்ட நகரம்' என்பது ஊரின் பட்டப்பெயர். வறண்ட சீமையில் தோட்டம் வந்தது எப்படி?

1887-ல் இங்கே ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது, இறைக்காமலே தண்ணீர் பொங்கி வந்தது. கிழக்கு மலைத்தொடரில் பெய்யும் மழை மணற்பாறையில் இறங்கி, நீர் புகாத அடுக்குகளுக்கிடையே அழுத்தத்துடன் நிற்கிறது. துளையிட்டால் மேலே எழும்புகிறது. இதுவே ஆர்ட்டீசியன் ஊற்று. ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தின் அடியில் இந்த நீர்த்தேக்கம் பரவியுள்ளது.

தானாக வரும் நீர்தானே என்று மேய்ச்சல்காரர்கள் கிணறுகளை மூடாமல், திறந்த வாய்க்கால்களில் இரவும் பகலும் ஓடவிட்டார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஆவியாகவும் கசிந்தும் வீணாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் குறைந்தது. பல கிணறுகள் பொங்குவதை நிறுத்தின. இயற்கை ஊற்றுகளும் பல வற்றின.

1999-ல் அரசும் நில உடைமையாளர்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் தொடங்கியது. கிணறுகளுக்கு வால்வு பொருத்தினார்கள். வாய்க்கால்களுக்குப் பதில் குழாய் பதித்து, கால்நடைத் தொட்டிகளுக்கு மட்டும் நீர் விட்டார்கள். பல இடங்களில் அழுத்தம் மீண்டும் ஏறியது.

இறைக்கும் செலவே இல்லாத தண்ணீருக்கும் அளவு உண்டு. பார்கல்டைன் வட்டாரத்து மேய்ச்சல்காரர்கள் இதை உணர நூறு ஆண்டு ஆயிற்று. பணம் கொடுத்துக் கிணறு தோண்டும் நாம் அவ்வளவு காலம் காத்திருக்கலாமா?