பட்டியலில் பேர் இல்லையா? மறைந்த வரிகளைத் தேடிப் பாருங்கள்

தோட்டக் கந்தோர்களில் செக்ரோல் புத்தகத்துக்குப் பக்கத்தில் இப்போது கொம்பியூட்டரும் இருக்கிறது. முற்பணம், சங்கச் சந்தா என்று பல கணக்குகள் எக்செல் கணக்குத்தாளில் போடப்படுகின்றன. அதில் ஒரு வரியை அழிக்காமலே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கலாம். இது தெரியாததால் வந்த ஒரு சங்கடத்தை நாங்கள் நேரில் பார்த்தோம்.

ஒரு தோட்டத்தில் தீபாவளி முற்பணப் பட்டியல் ஒட்டியிருந்தது. மூன்று பெண்களின் பேர் அதில் இல்லை. "எங்க பேர வெட்டிட்டாங்க போல" என்று இரண்டு பேர் கேட்கவும் தயங்கி லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்றாவது அக்காவின் மகள், ஓ.எல். எழுதிய பிள்ளை, தாளை வாசித்தாள். தொடர் இலக்கம் 17க்கு அடுத்து 21 என்றிருந்தது. எண்ணினால் 58 பேர். அடியில் போட்ட மொத்தமோ 61 பேருக்கானது. "காசு கூட்டியிருக்கு, பேரு மட்டும் இல்லையே ஐயா" என்று கந்தோரில் போய்க் கேட்டாள்.

நடந்தது இதுதான். அந்த மூவரின் பழைய பாக்கியைப் பார்த்து முடிக்கும் வரை வரிகளை மறைத்து வைத்தவர், பிறகு திறக்க மறந்துவிட்டார். மறைத்த வரி அச்சில் வராது. ஆனால் சாதாரணக் கூட்டலில் அதன் தொகை சேர்ந்தே இருக்கும். அதனால்தான் கணக்கு சரியாகவும் பட்டியல் பிழையாகவும் வந்தது.

திரையில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இடது ஓரத்து வரி இலக்கங்களைப் பாருங்க. தலைப்புக்கு மேலே மூன்று வரி போனதால், அங்கே 20க்குக் கீழே நேரே 24 வந்தது. 20ஆம் இலக்கத்தில் மவுஸை அழுத்தி 24 வரை இழுத்து, அந்த இலக்கங்களின் மேலேயே வலது பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் 'அன்ஹைட்' என்பதைத் தொட வேண்டும். இரண்டு பக்கத்து வரியையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் நடுவில் இருப்பது வெளியே வராது. எங்கே மறைந்திருக்கிறது என்றே தெரியாவிட்டால், இடது மேல் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைத் தொட்டு முழுத்தாளையும் பிடித்துக்கொண்டு அதையே செய்யலாம். முதல் வரி மறைந்திருந்தாலும் இந்த வழியில் திறக்கும்.

சில நேரம் அன்ஹைட் கொடுத்தும் ஒன்றும் நடக்காது. இலக்கங்கள் நீல நிறமாக இருந்தால் அது 'பில்டர்' போட்டுச் சலித்த தாள். டேட்டா என்ற பகுதியில் கிளியர் கொடுத்தால் எல்லாம் வரும். வரியின் உயரத்தை நூல் அளவாகக் குறைத்து வைத்திருந்தால், 'ரோ ஹைட்' என்பதில் 15 என்று போடுங்கள். அன்ஹைட் எழுத்தே மங்கியிருந்தால் தாள் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டியவரிடம்தான் கேட்க வேண்டும்.

கந்தோருக்குப் போகாதவர்கள் ஒட்டிய தாளிலேயே பேர்களை எண்ணி, மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குக் கொம்பியூட்டர் படிப்பு வேண்டியதில்லை.

அந்தத் தோட்டத்தில் அன்று மாலையே 61 பேருடன் வேறு தாள் ஒட்டினார்கள். திரும்பிப் போன இரண்டு பேரையும் அந்தப் பிள்ளைதான் லயத்துக்குப் போய்க் கூட்டி வந்தாள்.